ஈராசிரியர் பள்ளியில் வாரச் செயல்பாடுகள்: வெள்ளிக்கிழமை மட்டுமா, தினமுமா, சுழற்சிக் குழுக்களா?

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில். மொத்தம் இருபத்து நான்கு பிள்ளைகள், ஒரே ஆசிரியர். தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் இது பழக்கமான நிலைமைதான். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதால், ஒருவர் ஒன்று முதல் மூன்று வரையும் மற்றவர் நான்கு, ஐந்தையும் பார்த்துக்கொள்வார்கள். அதே சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு நான்கு மணி நேரம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் மூன்று வகுப்புக்கும் அந்த நான்கு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல், அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைப் பிரிவு எல்லாம் தந்திருக்கிறது. என்ன செயல்பாடு செய்வது என்பதற்குப் பஞ்சமில்லை. ஆனால் படித்ததை மறுபடி தொடுவதற்கும், எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையோடு உட்காருவதற்கும் வாரத்தில் நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை அந்தந்த வகுப்பறைதான் முடிவு செய்தாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று விதமாக அடுக்கலாம்: வெள்ளிக்கிழமை பிற்பகல் முழுவதும் சேர்த்து வைத்துச் செய்வது, தினமும் இருபத்தைந்து நிமிடம் முழு வகுப்போடும் செய்வது, பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்துச் சுழற்சியில் விடுவது.

மூன்றையும் எடைபோட இரண்டு கேள்விகள் போதும். ஒரு பிள்ளை தவறவிட்டதை எத்தனை நாள் கழித்து மறுபடி தொடுகிறது? தடுமாறுகிற பிள்ளையின் பக்கத்தில் ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது? சுவரில் தொங்கும் சார்ட், வகுப்பறையின் அமைதி, பார்வையிட வருபவர்களின் பாராட்டு எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல்

இதன் பெரிய வசதி, பொருள்களை ஒரே தடவை எடுத்து ஒரே தடவை உள்ளே வைக்கலாம். நீண்ட நேரம் பிடிக்கிற வேலைகளுக்கு இதைவிட்டால் வழியில்லை. களிமண் உருவம், விதை நடுதல், பள்ளிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கோ குளத்துக்கோ போய்வருதல், வகுப்பறைச் சந்தை ஆகியவற்றை இருபத்தைந்து நிமிடத்துக்குள் திணிக்க முடியாது.

சந்தையை எடுத்துக்கொள்வோம். நான்கு கடைகள், கடைக்கு இரண்டு பேர் என்றால் எட்டு வியாபாரிகள். மீதிப் பதினாறு பேர் இரண்டிரண்டு பேராக எட்டு வாடிக்கையாளர் இணைகள். இருபது நிமிடச் சுற்று மூன்று நடத்தினால் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வோர் இணைக்கும் 50 ரூபாய் விளையாட்டுப் பணம். இங்கேதான் வழக்கமாகப் பிசகுகிறது: 50 ரூபாயைப் பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று என்று கலந்து கொடுத்தால் பிள்ளைகள் விலைக்குச் சரியான தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மீதி வாங்கும் கணக்கே வராது. ஐந்து பத்து ரூபாய்த் தாள்களை மட்டும் கொடுங்கள். விலையை 3, 7, 8, 12, 16 என்று வையுங்கள். 10, 20 என்று வைக்காதீர்கள். அப்போது ஒவ்வொரு வாங்கலிலும் சில்லறை கொடுத்தாக வேண்டும். கடைக்கு ஒரு ரூபாய் பத்து, இரண்டு ரூபாய் ஐந்து, ஐந்து ரூபாய் நான்கு என்று நாற்பது ரூபாய் சில்லறை தொடக்கத்தில் போதும். சோடா மூடிகளில் எண் எழுதி ஒட்டினால் நாணயமாகிவிடும்.

மீதியைக் கழித்துப் பார்த்துக் கொடுக்கச் சொல்ல வேண்டாம். கடைக்காரர்கள் செய்வதுபோல விலையிலிருந்து மேலே எண்ணிக் கொடுக்கட்டும். பொருள் ஏழு ரூபாய், கொடுத்தது பத்து. "ஏழு" என்று சொல்லிப் பொருளை வைக்க வேண்டும். ஒரு மூடி வைத்து "எட்டு", இன்னொன்று வைத்து "ஒன்பது", மூன்றாவது வைத்து "பத்து". ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு இணை சேர்த்தால் எண்ணும் வேலையைச் சின்னதும், வாங்கியதைச் சீட்டில் எழுதும் வேலையைப் பெரியதும் செய்யும்.

இவ்வளவு நன்மை இருந்தும், வாரம் முழுவதற்குமான ஒரே ஏற்பாடாக வெள்ளிக்கிழமையை வைப்பது தவறு. இன்று தடுமாறிய பிள்ளை அதே விஷயத்தை மறுபடி தொட ஏழு நாள் ஆகிறது. அடுத்த வெள்ளி உள்ளூர்த் திருவிழாவுக்கோ, ஆசிரியர் பயிற்சிக்கோ போய்விட்டால் பதினான்கு நாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது மிக நீண்ட இடைவெளி. மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பதாகவே முடியும். இரண்டாவது கேள்விக்கும் இதில் நல்ல பதில் இல்லை. நான்கு கடைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியரால் ஒரு பிள்ளை பக்கத்தில் இரண்டு நிமிடம்கூட உட்கார முடியாது.

தினமும் இருபத்தைந்து நிமிடம்

பார்வைக்கு எடுப்பாக இல்லாத ஏற்பாடு இதுதான். பலன் அதிகம் தருவதும் இதுதான், அதுவும் ஆண்டின் தொடக்கத்தில்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் ஐந்து நிமிடம் பழையது: நேற்றையதிலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து இரண்டு. அடுத்த பன்னிரண்டு நிமிடம் இன்றைய செயல்பாடு. கடைசி எட்டு நிமிடம் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எழுதுவது. திங்கள், புதன் தமிழ், செவ்வாய், வியாழன் கணக்கு, வெள்ளி மீள்பார்வை. மூன்று வகுப்புக்கும் பொருள் ஒன்று, ஆழம் வேறு. "மரம்" என்ற சொல் என்றால் ஒன்றாம் வகுப்பு அதில் உள்ள எழுத்தைக் கண்டுபிடிக்கும், இரண்டாம் வகுப்பு ம-வில் தொடங்கும் நான்கு சொல் எழுதும், மூன்றாம் வகுப்பு அந்தச் சொல்லை வைத்து இரண்டு வாக்கியம் எழுதும்.

இதில் முதலில் வரும் ஆபத்து கோரஸ். ஆசிரியர் கேட்பார், முன்வரிசையில் ஐந்து பேர் உரக்கச் சொல்வார்கள், பின்னால் இருப்பவர்கள் அரை நொடி தாமதமாக வாயசைப்பார்கள். வகுப்பே சொல்வதுபோல் கேட்கும். இதற்கு மருந்து சிலேட்டு. கேள்வி கேட்டதும் யாரும் வாய் திறக்கக் கூடாது. எழுதிவிட்டுச் சிலேட்டை மார்போடு கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். "காட்டு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். இருபத்து நான்கு சிலேட்டையும் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். கவிழ்த்துப் பிடிக்கும் பழக்கம் வர ஒரு வாரம் பிடிக்கும். அதற்குள் சலித்துக் கைவிட்டால் மறுபடி கோரஸ்தான்.

எண் சொல்லி எழுத வைக்கும்போது சிலேட்டு உடனே காட்டிக்கொடுக்கும் பிழைகள் இரண்டு. முப்பத்து நான்கு என்றால் 304 என்று எழுதுவது ஒன்று. முப்பது என்று கேட்டதும் 30 எழுதி, நான்கு என்று கேட்டதும் பக்கத்தில் 4 போடுகிறது பிள்ளை. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது, கவனக்குறைவு இல்லை. இரண்டாவது, தொண்ணூற்று இரண்டு. அந்தச் சொல்லுக்குள்ளே நூறு ஒலிப்பதால் 102, 1002, 902 என்று விதவிதமாக வரும். எண்பதுகளோடு எண் பெயர்களை நிறுத்திவிட்டு, தொண்ணூறுகளைத் தனியாக இரண்டு வாரம் நடத்துவது நல்லது. மூன்றாம் வகுப்பில் தொள்ளாயிரம் வரும்போது இதே சிக்கல் ஆயிரத்தோடு திரும்ப வரும்.

இரண்டையும் சரிசெய்வது குச்சிக் கட்டுதான். தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கினால் செலவே இல்லை. இரண்டு பேருக்கு ஐம்பது குச்சி, ஐந்து ரப்பர் பேண்ட். பன்னிரண்டு இணைக்கு 600 குச்சி, 60 ரப்பர் பேண்ட், அறுந்து போவதற்கு இன்னும் இருபது. புளியங்கொட்டை எண்ணுவதற்கு நல்லது, கட்டுவதற்கு ஆகாது. இடமதிப்புக்கு அதை எடுக்க வேண்டாம். கட்டுகளை ஆசிரியரே கட்டி வைத்துக் கொடுக்கவும் கூடாது. பத்து எண்ணித் தானே கட்டாத பிள்ளைக்கு அந்தக் கட்டு வெறும் "ஒன்று". நான்கு கட்டு, மூன்று உதிரியைக் காட்டினால் ஏழு என்று சொல்லும்.

43-இலிருந்து 17 எடுக்க வேண்டும் என்றால்: நான்கு கட்டும் மூன்று குச்சியும் எதிரில் இருக்கின்றன. ஏழு உதிரி எடுக்கப் போனால் மூன்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் இங்கே ஏழிலிருந்து மூன்றைக் கழித்து நான்கு என்பார்கள். சிலேட்டில் 34 என்று நிற்கும். அவசரப்பட்டு விளக்காமல், "ஏழு குச்சியை என் கையில் கொடு" என்று கேளுங்கள். கொடுக்க முடியாது என்று கை தெரிந்துகொள்ளும். பிறகு ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். மூன்று கட்டு, பதிமூன்று உதிரி. இன்னும் 43 தானா என்று எண்ணிப் பார்க்கவும் சொல்ல வேண்டும். இந்தப் படியைச் செய்யாமல் விட்டுவிட்டால் "கடன் வாங்குதல்" என்பது அர்த்தமில்லாத சடங்காகிவிடும். ஏழு எடுத்தால் ஆறு, ஒரு கட்டு எடுத்தால் இரண்டு கட்டு. 26. நோட்டில் எழுதுவது இதற்கு அப்புறம்தான்.

தமிழில் இதே இருபத்தைந்து நிமிடத்தை அதிகம் கேட்பது உயிர்மெய். கொ, கோ வரிசையில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால், கால் பின்னால், ஒலியோ ஒன்றுதான். இடமிருந்து வலமாக எழுத்தைக் கூட்டுகிற பிள்ளை "கெ"யும் காலும் தனித்தனியாகப் பார்த்து நின்றுவிடும். சன்னல் அட்டை உதவும். ஒரு அட்டையில் இடப்பக்கம் ஒற்றைக் கொம்பையும் வலப்பக்கம் காலையும் ஒரே சிவப்பு நிறத்தில் எழுதி, நடுவில் சதுரமாக வெட்டிச் சன்னல் வைக்க வேண்டும். க, ச, த, ப, ம, வ என்று கறுப்பில் எழுதிய நீளச் சீட்டைப் பின்னால் செருகி இழுத்தால் கொ, சொ, தொ, பொ, மொ, வொ என்று ஒவ்வொன்றாக வரும். சிவப்பு இரண்டும் ஒரே ஒலியின் இரண்டு துண்டு என்பது கண்ணுக்குப் பதிந்துவிடும். மூன்று நாள் கழித்து இரட்டைக் கொம்பு அட்டை. இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள்; கொடி, கோடி இரண்டும் குழம்பிவிடும்.

சொல்வதை எழுதுதல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வியாழக்கிழமை பயிற்சி கொடுத்த பத்துச் சொல்லை வெள்ளிக்கிழமை தேர்வாக வைத்தால் வகுப்பே பத்துக்குப் பத்து வாங்கும். அது வியாழக்கிழமை நினைவுக்கான மதிப்பெண். திங்கட்கிழமை ஆறு சொல், புதன்கிழமை அதே ஆறையும் வேறு வரிசையில், வெள்ளிக்கிழமை அவற்றில் நான்கோடு இரண்டு வாரத்துக்கு முந்தைய நான்கையும் கலந்து எட்டு. பாடநூலில் உள்ள வரிசையிலேயே சொன்னால் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. ல, ள, ழ மூன்றையும் ஒரே பட்டியலில் முதல் மாதத்திலேயே கலக்கவும் வேண்டாம்.

இந்த ஏற்பாட்டின் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. நாற்பது நிமிடமே கொடுத்தாலும் 24 பேருக்குப் பிரித்தால் தலைக்கு இரண்டு நிமிடம் வராது. யாருக்குத் தெரியவில்லை என்பதைச் சிலேட்டு காட்டும். ஏன் தெரியவில்லை என்பதைக் காட்டாது.

நான்கு குழு, சுழற்சி

அந்தக் குறையைத் தீர்ப்பது சுழற்சி. ஆறு பேர் வீதம் நான்கு குழு. ஒரு குழு ஆசிரியரோடு, ஒன்று வாசிப்பில், ஒன்று எண் விளையாட்டில், ஒன்று எழுதுவதிலோ செய்வதிலோ. ஒரே நாளில் நான்கு சுற்றும் முடிக்க எண்பது நிமிடம் வேண்டும்: பதினாறு நிமிடச் சுற்று நான்கு, இடம் மாற மூன்று நிமிடம் வீதம் மூன்று முறை, தொடக்கத்தில் ஏழு நிமிடம். மூன்று வகுப்பைச் சமாளிக்கிற அறைக்கு இது கட்டுப்படியாகாது. நாளுக்கு ஒரு பாடவேளை, இரண்டு சுற்று என்று வைத்தால் போதும்: நான்கு நிமிடம் தொடக்கம், பதினாறு, மூன்று, பதினாறு. திங்கள் இரண்டு குழு, செவ்வாய் இரண்டு குழு ஆசிரியரிடம் வரும். வியாழன், வெள்ளி அதே முறை மறுபடி. புதன்கிழமை முழு வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு இருமுறை, ஆறு பேர் கொண்ட சிறு குழுவில் ஆசிரியரின் கைக்கெட்டும் தூரத்தில் உட்காருகிறது. மொத்தம் முப்பத்திரண்டு நிமிடம். மற்ற இரண்டு ஏற்பாட்டிலும் இது கிடைக்காது.

தமிழ்நாட்டுக்குக் குழுக்கற்றல் புதிதல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் அட்டை எடுத்து, பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய கற்றல் ஏணியில் தத்தம் வேகத்தில் முன்னேறினார்கள். அந்த முறையை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அட்டை தொலைந்தால் படி அறுந்துபோகும், எந்தப் பிள்ளை எந்த அட்டையில் நிற்கிறது என்று பார்ப்பதிலேயே ஆசிரியர் நேரம் கரையும். இங்கே சொல்லும் சுழற்சியில் பொருள் குறைவாக இருப்பது நல்லது. குழுவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் அந்த வாரத்துக்கான பொருள் மட்டும்.

சுழற்சி குலைந்துபோவது எப்போதும் ஆசிரியர் இல்லாத மூன்று இடங்களில்தான். கொடுத்த வேலை ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். அல்லது என்ன செய்வது என்று புரியாமல் "டீச்சர், டீச்சர்" என்று எழுந்து வருவார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம்: புதிய வேலையைக் குழுவிடம் கொடுத்துவிட்டோம். போன வாரம் முழு வகுப்பும் செய்து பழகிய வேலைதான் இந்த வாரம் குழுவுக்குப் போக வேண்டும். தினமும் இருபத்தைந்து நிமிடம் ஆறு வாரமாவது நடத்தாமல் சுழற்சிக்குப் போகக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே.

எண் விளையாட்டுக்குப் பரமபதத்துக்கு இணை இல்லை. 1 முதல் 100 வரை கட்டம் போட்ட சார்ட், தரையில் ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய நான்கு புளியங்கொட்டை. எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை கட்டம். பிள்ளைகள் நிற்கிற கட்டத்தையே "ஒன்று" என்று எண்ணித் தொடங்குவார்கள். 23-இல் நின்று நான்கு விழுந்தால் 26-இல் போய் நிற்பார்கள். காயை நகர்த்தும் முன் போய்ச் சேரும் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள்: "இருபத்து மூணு, நாலு விழுந்துச்சு, இருபத்தேழு." தப்பாகச் சொன்னால் முறை போச்சு. மற்ற ஐந்து பேரும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். திருத்தும் வேலை ஆசிரியருக்கு மிச்சம். ஒவ்வொருவரும் கடைசியாக நின்ற ஐந்து எண்களை நோட்டில் எழுதிவிட்டுத்தான் எழ வேண்டும். எந்த இடமானாலும் கையில் ஏதாவது எழுதியோ செய்தோ மிஞ்சாத வேலையைச் சுழற்சியில் வைக்காதீர்கள்.

வாசிப்பு இடத்தில் இணையாக உட்கார்ந்து மாறிமாறிப் படிப்பது போதும். ஆசிரியர் இடத்தில் பதினாறு நிமிடத்தையும் எழுத்துக்கூட்டலுக்கும் சத்தமாகப் படிப்பதற்கும் கொடுக்கலாம். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று சொல்கிறது. "பள்ளிக்கூடத்திலிருந்து" என்பது தமிழில் ஒரே சொல். அந்த மாதிரிச் சொல் நிறைந்த பத்தியைக் கொடுத்துக் கடிகாரம் பார்த்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் பின்தங்கியதாகத் தெரியும். போன மாதம் படித்த அதே தரப் பத்தியோடு அந்தப் பிள்ளையையே ஒப்பிடுங்கள். படித்து முடித்ததும் ஒரு கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை என்றால் வேகத்துக்கு மதிப்பு இல்லை.

குழு பிரிப்பதில் அரும்பு, மொட்டு, மலர் நிலையை ஆசிரியர் இடத்துக்கு மட்டும் கணக்கில் எடுங்கள். ஆண்டு முழுக்க ஒரே குழுவில் உட்கார வைத்தால், "நான் அரும்பு" என்று பிள்ளையே தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கும். இதைவிட மோசமான பாடம் எதையும் ஒரு வகுப்பறை கற்றுக்கொடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்து அமையுங்கள். தமிழில் ஒரு குழுவும் கணக்கில் வேறு குழுவுமாக இருப்பது இன்னும் நல்லது.

பதிவுக்கு நோட்டில் வாரத்துக்கு ஒரு பக்கம். இருபத்து நான்கு பெயர், பெயருக்கு நேரே ஒரு சொல் குறிப்பு: "304", "கொ-கெ", "கட்டு அவிழ்க்கவில்லை". ஆசிரியர் இடத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் அன்றே எழுதினால் போதும். அடுத்த வாரம் யாருக்கு என்ன என்பதை அந்தக் குறிப்புகளே சொல்லிவிடும்.

எந்த அறைக்கு எது

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஜூலை பாதி வரை எல்லா அறைகளுக்கும் தினசரி இருபத்தைந்து நிமிடம்தான். வேறு யோசனை வேண்டாம். பிறகு பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரியலாம்.

இருபது முதல் முப்பது பேர், மூன்று வகுப்பு, ஒரு ஆசிரியர்: நாளுக்கு இரண்டு சுற்று, புதன் முழு வகுப்பு. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும் சந்தைக்கோ வெளியே போவதற்கோ. பதினைந்துக்குக் கீழே என்றால் நான்கு குழு தேவையில்லை. இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி ஆசிரியரிடம், மறுபாதி எண் விளையாட்டில் என்று மாற்றினால் போதும். ஒரே வகுப்பில் முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் ஒன்பது பேர் கொண்ட நான்கு குழுவை மேய்ப்பது கடினம். தினசரி ஏற்பாட்டை விடாமல், வாரத்துக்கு இரண்டு நாள் பின்தங்கிய ஆறேழு பேரை மட்டும் தனியே உட்கார வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பழகிய எழுத்து வேலை கொடுங்கள்.

அறை குறுகலாக இருந்தால் இடம் மாறும் மூன்று நிமிடம் ஆறாகும். அங்கே பிள்ளைகளை நகர்த்தாமல் டப்பாவை நகர்த்துங்கள்.

இன்னொரு ஆசிரியர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய் ஐந்து வகுப்பும் ஒரே அறைக்கு வந்துவிடும் நாள்களில் சுழற்சியை முயற்சி செய்ய வேண்டாம். அன்றைக்குச் சிலேட்டை எடுத்துப் பழைய சொல், பழைய எண் மட்டும் கேளுங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கீழ் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கக் கேட்கட்டும். விட்டுப்போன குழு எது என்று நோட்டில் குறித்துவைத்து, மறுநாள் அந்தக் குழுவிலிருந்து தொடங்குங்கள். நாள்காட்டிப்படி அடுத்த குழுவுக்குத் தாவினால் அந்த ஆறு பேருக்கு ஒரு வாரமே போய்விடும்.